காலடி மண்ணில் கல் அறுக்கலாம், ஆனால் மலையைக் குடையக் கூடாது



ஒரு தோட்டத்தில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கக் கூட்டம். பிள்ளை மடுவத்தில்தான் எல்லோரும் கூடியிருந்தோம். மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து, கைப்பொறியில் அழுத்திச் செய்யும் கல்லைப் பற்றி நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார்.

"ஏன் தம்பி, எங்க பாட்டன் மண்ணுச் சுவத்துக்குள்ள இருந்து செத்தாரு. நாங்க லயத்துல கெடக்கிறோம். எங்க புள்ளைகளும் மறுபடி மண்ணுக்குள்ளதான் போகணுமா?" என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நாங்கள் சொன்ன பதிலும் அரைகுறையாகத்தான் இருந்தது. ஆகவே அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே ஆறுதலாக எழுதுகிறோம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதிலேயே அடுப்பு, பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவே ஒரே சுவர். இதை உங்களுக்கு நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. நூறு வருடத்தைத் தாண்டிய லயங்களில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். 2015க்குப் பிறகு வந்த திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு என்பது வழமையான அளவாகிவிட்டது. இந்திய அரசின் உதவியில் மலையகத்தில் கட்டப்பட்ட 4000 வீடுகளும் இந்த அளவுதான். திட்டத்தில் பெயர் வந்தவர்களுக்கு நல்லது. பெயர் வராதவர்கள் என்ன செய்வது? சொந்தச் செலவில் ஒரு காம்பராவை இழுத்துக் கட்டப் பார்த்தாலும் சீமெந்து, மணல், லொறிக் கூலி என்று கை சுட்டுவிடுகிறது. 2022இல் ஒரு மூட்டை சீமெந்து 3000 ரூபாயை எட்டியது. 2021 மார்ச்சில் நிர்ணயமான நாட்சம்பளம் 1000 ரூபாய். அதாவது மூன்று நாள் கொழுந்து எடுத்தால் ஒரு மூட்டை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பாட்டன் சுவரும் இந்தக் கல்லும்

பாட்டன் காலத்து மண் சுவர் என்பது குச்சி கட்டி, குழைத்த மண்ணை அப்பியது. மண் காயும்போது சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் போகும், எலி போகும். அடிச்சுவர் ஈரத்தை உறிஞ்சிக் கரையும். வருடாவருடம் மெழுகினால்தான் நிற்கும். அந்த அம்மா சொன்னதில் பிழையே இல்லை.

நாங்கள் சொல்லும் கல் வேறு. இதில் மண்ணைக் குழைப்பதில்லை. சற்றே ஈரமான மண்ணில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சீமெந்து கலந்து, இரும்புப் பெட்டிக்குள் போட்டு, நீண்ட கைப்பிடியை இழுத்து இறுக அமுக்குகிறோம். மண் மணிகளுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறிவிடும். சீமெந்து மணலைப் பிடித்துக்கொள்ளும். நன்றாகச் செய்த கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் கரையாது. செங்கல்லைப்போல் சூளையில் சுடவும் தேவையில்லை, அதனால் விறகுக்கு ஒரு மரமும் விழாது. இந்தக் கைப்பொறியை 1950களில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ராவுல் ராமிரெஸ் என்ற பொறியியலாளர் ஏழை மக்களின் வீட்டுக்காகவே வடிவமைத்தார். இன்று பல நாடுகளில் பல வடிவங்களில் இது இருக்கிறது. நம் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். இப்படிச் செய்த கல்லுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 1382 என்ற இலக்கத்தில் தரமும் வகுத்திருக்கிறது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இத்தகைய கல்லால் வீடுகள் எழும்பின. ஆகவே இது தோட்டத்து ஆட்களுக்கென்று யாரோ கண்டுபிடித்த மலிவுச் சரக்கு அல்ல.

எல்லா மண்ணும் ஆகாது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "மண்ணுதானே, எங்க வெட்டினாலும் மண்ணுதானே" என்று மேல் மண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தேயிலைச் செடிக்கு நல்லதான கறுத்த மேல்மண் கல்லுக்கு எதிரி. அதில் வேரும் இலைச் சத்தும் இருக்கும், அவை மக்கிப்போனால் கல் பொக்காகும். சீமெந்தும் சரியாகப் பிடிக்காது. இரண்டு இரண்டரை அடி ஆழத்துக்குக் கீழே, நிறம் மாறிச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ வரும் மண்தான் நமக்கு வேண்டும்.

அந்த மண்ணில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம், ஒரு போத்தல் போதும். நேரான பக்கமுள்ள கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, மேலே தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, மூடி நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை குலுக்குங்கள். குலுக்கி வைத்த ஒரு நிமிடத்துக்குள் பரலும் மணலும் அடியில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் மெல்லிய வண்டல் படியும். களி கடைசியில்தான் வரும், மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போகும்போது பார்த்தால் தெரியும். மூன்று கோடும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய, அடிமட்டத்தை வைத்து அளந்துகொள்ளுங்கள். மொத்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கூட மணலும் பரலுமாக இருந்தால் அது கல்லுக்கு ஏற்ற மண். மலையகத்தில் பல இடங்களில் அடிமண் களி மிகுந்தது. பாதிக்கு மேல் களியும் வண்டலும் என்றால் பயந்துவிடாதீர்கள், கல்லுடைக்கும் இடத்துத் தூளோ மணலோ சேர்த்துச் சரிக்கட்டலாம். ஆனால் சேர்க்க வேண்டியது அதிகமானால் லாபமும் அங்கேயே போய்விடும்.

இரண்டாவது சோதனை ஒரு சின்னப் பலகைப் பெட்டியில். நீளம் 24 அங்குலம், அகலமும் ஆழமும் ஒன்றரை அங்குலம். உள்ளே எண்ணெய் தடவி, ஈர மண்ணை மூலை முடுக்கெல்லாம் அமுக்கி நிரப்பி, மூன்று நாள் வெயிலில் அல்லது ஒரு வாரம் நிழலில் காயவிட வேண்டும். காய்ந்தபின் மண் கட்டியை ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கம் எவ்வளவு இடைவெளி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரை அங்குலத்துக்குள் என்றால் 18 வாளி மண்ணுக்கு ஒரு வாளி சீமெந்து போதும். அரையிலிருந்து ஓர் அங்குலம் என்றால் 16 வாளிக்கு ஒன்று. ஒன்றரை வரை என்றால் 14க்கு ஒன்று, இரண்டு வரை என்றால் 12க்கு ஒன்று. அதற்கும் மேலே சுருங்கினால் மணல் சேர்க்காமல் அந்த மண்ணைத் தொடாதீர்கள்.

இந்த இரண்டு சோதனையையும் சங்கத்துப் பிள்ளைகளே செய்யலாம். ஓரிடத்தில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஆளுக்கொரு போத்தலை லயத்து வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, யார் மண் சிறந்தது என்று சண்டை போட்டதையும் பார்த்தோம்.

கலக்கும்போது மண்ணைச் சல்லடையில் சலித்து, காய்ந்த நிலையிலேயே சீமெந்தை நிறம் ஒன்றாகும் வரை புரட்டி, பிறகு தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. ஒரு பிடி எடுத்து இறுக்கி உருண்டையாக்கித் தோள் உயரத்திலிருந்து கீழே போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. சப்பென்று ஒரே கட்டியாக விழுந்தால் ஈரம் கூட. தூளாகச் சிதறினால் ஈரம் போதாது. தண்ணீர் பட்ட கலவையை அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரத்துக்குள் அழுத்தி முடித்துவிட வேண்டும். தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டு வந்து மிச்சத்தை அழுத்துவது என்ற பேச்சே கூடாது. அழுத்திய கல்லை வெயில் படாமல் அடுக்கி, சாக்கோ வாழையிலையோ போட்டு மூடி, இரண்டு வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். நான்கு வாரம் ஆன பிறகுதான் சுவருக்கு எடுக்கலாம்.

மழைக்காலத்தில் இதெல்லாம் நடக்காது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. ஊவாப் பக்கம் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை. பயன்படாத பழைய கொழுந்து மடுவம் ஒன்று கிடைத்தால், கூரை ஒழுகவில்லையென்றால், அதைவிட நல்ல இடம் இல்லை. துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

"பாதி செலவில் வீடு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் ஒரு 550 சதுர அடி வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கதவு, யன்னல் கழித்துச் சுவர் ஏறக்குறைய 1100 சதுர அடி வரும். வழக்கமான அளவுக் கல் ஒன்று 29 சென்ரிமீற்றர் நீளம், 14 அகலம், 9 உயரம். அப்படி 3400 கல் வேண்டும். ஒரு மூட்டை சீமெந்தில் சுமார் 120 கல் செய்யலாம், ஆக 28 மூட்டை. இது சீமெந்துப் புளொக் கல்லுக்குப் போகும் சீமெந்தைவிடப் பெரிதாகக் குறைவில்லை! இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வருகிறது, ஆனால் கணக்கு அதுதான்.

மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது. மணல் லொறி கீழ்நாட்டிலிருந்து மலை ஏற வேண்டியதில்லை. கல்லின் முகம் நேராகவும் வழவழப்பாகவும் இருப்பதால் உள்ளேயும் வெளியேயும் பூச வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு பக்கமும் பூசினால் 2200 சதுர அடிக்கு 20 மூட்டை சீமெந்தாவது போகும், ஒரு கியூப் மணலும் போகும். 2022இன் விலையில் அந்த 20 மூட்டை என்பது அறுபது நாள் கொழுந்துச் சம்பளம். மழை சாய்ந்து அடிக்கும் ஒரு பக்கத்துக்கு மட்டும் பூசிக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஆள் கூலி. ஆறேழு பேர் கொண்ட ஒரு குழு ஒரு நாளில் 300 கல் அழுத்தினால் நல்ல வேலை. ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நாள், ஏறக்குறைய 80 ஆள்நாள். சிரமதானம் என்று பெயர் வைத்துவிட்டால் அது இலவசமாகிவிடுமா? செக்ரோலில் பேர் விழாத நாள் சம்பளமில்லாத நாள். "அப்போ ஞாயித்துக்கிழமையில செய்வோம்" என்றால், பத்து வீட்டுக்கு 34,000 கல்லை ஒரு பொறியில் ஞாயிறு மட்டும் செய்ய இரண்டு வருடம் தாண்டும். அதற்குள் சங்கம் கலைந்துவிடும். எனவே இரண்டு பொறி வேண்டும். அல்லது வேலையில்லாமல் இருக்கும் நம் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கல்லுக்கு இவ்வளவு என்று கொந்தரப்புக் கூலி கொடுக்க, கடன் பணத்தில் ஒரு பங்கை ஆரம்பத்திலேயே ஒதுக்க வேண்டும். பொறி பிடிக்கவும் சுவர் கட்டவும் பழகிய பெண்பிள்ளைக்கு அது பிறகு ஒரு தொழிலாகவும் நிற்கும். மண் சுமக்க மட்டும் பெண்களைக் கூப்பிடும் சங்கங்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

மண்ணை எங்கே எடுப்பது?

இந்தக் கட்டுரையை நாங்கள் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று அதற்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. போக வேறு இடம் கிடைக்காத ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். அந்த மண்ணை மறந்துவிட்டு மண் கல்லைப் பற்றிப் பேச எங்களுக்கு மனம் வராது.

ஒரு வீட்டின் கல்லுக்கு ஆறு ஏழு கியூப் மண் வேண்டும். அதை வீட்டுக்குப் பின்னால் நிற்கும் திட்டில் குடைந்து எடுப்பதுதான் எல்லோருக்கும் லேசாகத் தெரியும். அதைச் செய்யவே கூடாது. மலையின் காலை வெட்டினால் மேலே உள்ளது கீழே வரும். அப்படியானால் மண்ணுக்கு எங்கே போவது? சரிவில் வீட்டுத்தளம் வெட்டும்போது எப்படியும் மண் வருகிறது. முப்பதடிக்கு முப்பதடித் தளம், பின்பக்கம் ஐந்தடி உயரம் வெட்டினால் கல்லுக்கு வேண்டியதைவிடக் கூடவே மண் கிடைக்கும். இப்போது அதை என்ன செய்கிறோம்? முன்பக்கம் சரிவில் தள்ளிவிடுகிறோம். இறுகாத அந்த மண் மழையில் ஊறி, கானை அடைத்து, கீழ் வீட்டுக்காரர் தலையில் இறங்குகிறது. அந்த மண்தான் நம் கல். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கித் தோட்டப் பயிருக்கு வைத்துக்கொண்டு, அடிமண்ணைக் கல்லாக்கினால் சரிவில் தள்ள ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. ஒரு வேலையில் இரண்டு ஆபத்தும் குறையும்.

அதற்கும் முன்னால், அந்த இடத்தில் வீடே கட்டலாமா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். தளம் வெட்டிவிட்டு அறிக்கை கேட்பது பந்திக்குப் பிறகு இலை போடுவது மாதிரி. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவது, கதவு நிலையில் இறுகுவது, இவற்றில் எதைக் கண்டாலும் கல்லும் வேண்டாம் வீடும் வேண்டாம், உடனே அங்கிருந்து விலகிக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

கட்டும்போது அத்திவாரம் கருங்கல்லில். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேலேதான் மண் கல் தொடங்க வேண்டும், இடையில் ஈரந்தடுக்கும் படை. கூரை சுவரைத் தாண்டி இரண்டரை அடியாவது வெளியே நீள வேண்டும். வீட்டின் பின்னால் சீமெந்துக் கான் ஒன்று, அதன் தண்ணீர் பொதுக் கானில் சேர வேண்டும், பக்கத்து வீட்டுத் தளத்தில் அல்ல. கூரை மரத்துக்குத் தோட்டத்துச் சவுக்கு, யூகலிப்டஸ் மரத்தைக் கேட்கலாம், நிர்வாக அனுமதியோடு மட்டும்.

சேர்ந்து கட்டுவது, ஒட்டிக் கட்டுவதா?

"எல்லாரும் சேந்து கட்டுறதுன்னா மறுபடியும் லயமா?" இந்தக் கேள்வியும் அதே கூட்டத்தில் வந்தது. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் வைத்தால் ஒரு வீட்டுக்கு 350 கல் அளவில் மிஞ்சும். ஒரு நாளும் சொச்சமும் வேலை. அத்திவாரத்திலும் கொஞ்சம் மிஞ்சும். அவ்வளவுக்காக இன்னொரு தலைமுறையும் பக்கத்துக் காம்பரா இருமலைக் கேட்டுக்கொண்டு தூங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆபத்தில்லாத நிலம் குறுகலாக இருந்து, தனித்தனியே கட்டினால் இரண்டு குடும்பம் வெளியே நிற்க வேண்டி வரும் என்றால் மட்டும் சுவரைப் பகிர்வது பற்றி யோசிக்கலாம். அதையும் அந்தக் குடும்பங்களே தீர்மானிக்கட்டும்.

சேர வேண்டியது வேலையிலும் தண்ணீரிலும் கானிலும். இதில் ஒரு பழைய உபாயம் இருக்கிறது. யாருக்கு எந்த வீடு என்பதை ஆரம்பத்தில் சொல்வதில்லை. பத்து வீட்டுக்கும் கூரை ஏறிய பிறகு சீட்டுப் போட்டு எடுப்பது. தன் வீட்டுக்கு நல்ல கல்லும் அடுத்தவன் வீட்டுக்கு உடைசலும் என்ற பேச்சுக்கு இடமே இருக்காது. தனியாக ஒரே ஒருவர் உழைக்கும் வீடு, விதவைப் பெண், வயதானவர்கள் ஆகியோருடைய ஆள்நாளைச் சங்கம் எப்படி ஈடுகட்டும் என்பதைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்த பிறகு முதல் கல்லை அழுத்துங்கள். வாயால் பேசி வைத்தது மூன்றாம் மாதம் மறந்துபோகும்.

காணி உறுதி இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கல் வைத்தாலும் அது நம் வீடு ஆகாது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போயிற்று. எனவே காணி விடுவிப்புக்கு இரண்டு பக்கமும் கடிதம் வேண்டும். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத இருக்கிறோம்.

அந்த அம்மா கூட்டம் முடிந்த பிறகு எங்களிடம் வந்து, "போத்தல்ல போட்டுப் பாக்கிறதுன்னு சொன்னீங்களே, அது நான் செய்யிறேன்" என்றார். நீங்களும் செய்து பார்த்து, போத்தலைக் குலுக்காமல் அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்த இடத்து மண், எத்தனை அடி ஆழத்தில் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதிப் போத்தலில் ஒட்டிவிடுங்கள். போன முறை பதினாறு போத்தல் வந்தது, எது எந்த டிவிஷன் என்று யாருக்கும் தெரியவில்லை.